வாங்க ஒரே ஆள்தான் இருந்தால்: மொனாப்சனியை எளிதாகப் புரிந்துகொள்வோம்

அமெரிக்காவின் மேற்கு வெர்ஜீனியா மாநிலத்தில் பழைய நிலக்கரி ஊர்கள் நிறைய உண்டு. அங்கிருக்கும் சின்னச் சின்ன அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் பித்தளை வில்லைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். பார்க்க நாணயம் மாதிரியே இருக்கும். ஒரு பக்கம் சுரங்கக் கம்பெனியின் பெயர், இன்னொரு பக்கம் 5, 10, 25 என்று ஓர் எண். பலவற்றில் நடுவே துளை போட்டிருக்கும். இதன் பெயர் ஸ்கிரிப். சம்பள நாளுக்கு முன்பே காசு தீர்ந்துபோன தொழிலாளி அலுவலகத்தில் போய் நின்றால், டாலருக்குப் பதில் இந்த வில்லையைத்தான் எண்ணிக் கொடுப்பார்கள். கம்பெனிக் கடையில் மட்டும்தான் அது முழு மதிப்புக்குச் செல்லும். மாவு, காபி, காலணி, சுரங்கத்துக்குள் பாறையைத் தகர்க்கும் வெடிமருந்து எல்லாமே அந்தக் கடையில்தான். சம்பள நாளன்று எல்லாவற்றையும் கழித்துக்கொண்டு, மிச்சம் இருந்தால் கைக்கு வரும்.

குடியிருந்த வீடும் கம்பெனியுடையதுதான். 1920 மே மாதம் மேட்வான் என்ற ஊரில், சங்கத்தில் சேர்ந்த தொழிலாளர்களின் குடும்பங்களைக் கம்பெனி வரவழைத்த ஆட்கள் வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். சட்டி பானை, கட்டில் மெத்தை எல்லாம் தெருவுக்கு வந்தன. அன்று நடந்த துப்பாக்கிச் சண்டையில் 10 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு பக்கத்து மாவட்டத்தில் பிளேர் மலையில் ஏறத்தாழ 10,000 சுரங்கத் தொழிலாளர்கள் ஆயுதத்தோடு திரண்டார்கள். கடைசியில் ராணுவம் வந்துதான் அவர்களைக் கலைத்தது.

அவர்கள் ஏன் அந்த அளவுக்குப் போனார்கள்? கம்பெனிக் கடையில் விலை அதிகம் என்பது ஒரு காரணம். ஆனால் விலை அதிகம் என்பதற்காக மட்டும் யாரும் மலையேறிப் போய்த் துப்பாக்கியோடு நிற்பதில்லை. அவர்களிடம் விற்க இருந்த ஒரே சரக்கு உழைப்பு. அந்தப் பள்ளத்தாக்கில் அதை வாங்க இருந்தது ஒரே ஆள். அந்த ஆள் சொன்னதுதான் கூலி, வெட்டிய நிலக்கரிக்குச் சொன்னதுதான் எடை, சொன்னதுதான் சட்டம். தமிழில் இதற்குப் பொருத்தமான சொல் ஒன்று இருக்கிறது. அவர்களுக்குப் போக்கிடம் இல்லை.

பொருளியலில் இந்த நிலைக்கு மொனாப்சனி என்று பெயர். பிரிட்டனைச் சேர்ந்த பொருளியலாளர் ஜோன் ராபின்சன் 1933இல் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். மொனாப்பொலி, அதாவது ஏகபோகம், நம் எல்லோருக்கும் தெரியும்: விற்பவர் ஒருவரே, வாங்குபவர்கள் பலர். மொனாப்சனி அதைத் திருப்பிப் போட்டது: வாங்குபவர் ஒருவரே, விற்பவர்கள் பலர். விற்பவர் ஒருவரே என்றால் விலை ஏறும். வாங்குபவர் ஒருவரே என்றால் விலை இறங்கும். விற்கும் பொருள் உழைப்பு என்றால், இறங்குவது கூலி.

அமெரிக்காவில் பெருநிறுவனங்கள் மேல் இருக்கும் கோபத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விலைவாசியோடு நின்றுவிடுகிறார்கள். முட்டை விலை, மருந்து விலை, வீட்டு வாடகை. அது நியாயமான கோபம்தான். ஆனால் அதே மனிதருக்குச் சம்பளச் சீட்டு என்று இன்னொரு தாளும் உண்டு. கடை ரசீதில் தெரியும் அநியாயத்தைப் போலவே இந்தச் சீட்டிலும் ஒன்று மறைந்திருக்கிறது. அதைக் காட்டத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மொனாப்சனி என்றால் உண்மையாகவே ஒரே ஒரு முதலாளி இருக்க வேண்டும் என்றில்லை. நாலைந்து பேர் இருந்து அவர்களுக்குள் ஒரு புரிதல் இருந்தாலும் போதும். நூறு பேர் இருந்தும், இருக்கும் வேலையை விட்டுப் போவது கஷ்டம் என்றாலும் போதும். சம்பளத்தை ஐந்து சதவீதம் குறைத்தால் மறுநாளே ஆட்கள் எல்லோரும் போய்விடுவார்களா என்று கேட்டுப் பாருங்கள். போக மாட்டார்கள் என்றால், அந்த முதலாளியிடம் கொஞ்சமாவது இந்த அதிகாரம் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு சிறிய ஊரில் ஒரே ஒரு மருத்துவமனை. அங்கே 10 நர்ஸ்கள், மணிக்கு 30 டாலர் சம்பளம். இது கற்பனைக் கணக்குதான், ஆனால் விஷயம் இதற்குள்ளேதான் இருக்கிறது.

பதினோராவதாக ஒரு நர்ஸ் தேவை. 30 டாலருக்கு யாரும் வரவில்லை. 33 டாலர் கொடுத்தால் பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் வரத் தயார். அவர் வந்தால் மருத்துவமனைக்கு மணிக்கு 50 டாலர் வருமானம் கூடும். 33 கொடுத்து 50 சம்பாதிக்கலாம் என்றால் யாராக இருந்தாலும் வேலைக்கு எடுப்பார்கள் இல்லையா? எடுக்க மாட்டார்கள். புதிதாக வருகிறவருக்கு 33 என்று தெரிந்தால் ஏற்கெனவே இருக்கும் 10 பேரும் 33 கேட்பார்கள். ஆளுக்கு 3 டாலர் வீதம் அதற்கு மட்டும் 30 டாலர் ஆகும். ஆக, அந்த ஒரு நர்ஸுக்காக மருத்துவமனை கொடுக்கும் உண்மையான விலை மணிக்கு 63 டாலர். வருவதோ 50. எனவே இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டு, "நர்ஸ் கிடைக்கவில்லை" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். சம்பளமும் குறைவு, ஆளும் குறைவு, நோயாளிக்குக் கவனிப்பும் குறைவு. மூன்றும் ஒரே காரணத்தால் வருகின்றன. போட்டி இருக்கும் சந்தையில் ஆள் பற்றாக்குறை வந்தால் சம்பளம் ஏறும். இங்கே ஏறாது. ஆள் கிடைக்கவில்லை என்று ஆண்டுக்கணக்கில் புலம்பியும் சம்பளத்தை மட்டும் உயர்த்தாத நிறுவனத்தைப் பார்த்து நீங்கள் குழம்பியிருந்தால், இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இப்போது அரசாங்கம் வந்து, நர்ஸுக்குக் குறைந்தபட்சம் 33 டாலர் என்று சட்டம் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய 10 பேருக்கும் எப்படியும் 33 கொடுத்தாக வேண்டும். அப்புறம் பதினோராவது நர்ஸுக்கு ஆகும் கூடுதல் செலவு வெறும் 33தான். உடனே எடுத்துக்கொள்வார்கள். குறைந்தபட்சக் கூலியை உயர்த்தினால் வேலை போய்விடும் என்ற பழைய பாடம் இங்கே தலைகீழாகிறது. சம்பளமும் ஏறுகிறது, வேலையும் கூடுகிறது.

இது காகிதக் கணக்கோடு நின்றுவிடவில்லை. 1992 ஏப்ரலில் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 ஆக்கியது. பக்கத்தில் இருந்த பென்சில்வேனியா ஆக்கவில்லை. டேவிட் கார்ட், ஆலன் க்ரூகர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் எல்லைக்கு இரு புறமும் இருந்த 410 துரித உணவுக் கடைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நியூ ஜெர்சியில் வேலை குறைந்ததற்கான தடயமே இல்லை. சக பொருளியலாளர்கள் பலர் கொதித்தெழுந்தார்கள், வாக்குவாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2021இல் கார்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது. க்ரூகர் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே காலமாகிவிட்டார்.

எவ்வளவு உயர்த்தினாலும் வேலை குறையாது என்று இதற்குப் பொருள் இல்லை. அந்தக் கணக்கிலேயே கூலியை 50க்கு மேல் வைத்தால் மருத்துவமனை ஆளைக் குறைக்கத்தான் செய்யும். ஆனால் அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009 ஜூலையில் 7.25 டாலரில் நின்றது, இன்னும் அங்கேயே நிற்கிறது. எல்லை தாண்டிவிடுமோ என்று பயப்பட வேண்டிய இடத்தில் அந்த நாடு இல்லை.

கோழிக் கொட்டகையில் என்ன நடக்கிறது

பாடப்புத்தகத்தை விட்டு இப்போது ஒரு கொட்டகைக்குள் போகலாம். மொனாப்சனியைக் கண்ணால் பார்க்க அமெரிக்காவில் இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை.

ஜார்ஜியா, அலபாமா, ஆர்கன்சா, மிசிசிப்பி, வடக்கு கரோலினா. இந்த மாநிலங்களின் கிராமப்புறச் சாலையில் போனால் நீள நீளமாகத் தகரக் கூரைக் கொட்டகைகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் 20,000 கறிக்கோழிகளுக்கு மேல் இருக்கும். பல்லடம், உடுமலைப் பக்கத்து ஒப்பந்தப் பண்ணைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு உடனே பிடிபடும். குஞ்சு கம்பெனியுடையது. தீவனம் கம்பெனியுடையது. மருந்து கம்பெனியுடையது. வளர்ந்த கோழியும் கம்பெனியுடையதே. விவசாயியுடையது என்று சொல்லிக்கொள்ள நிலம், கொட்டகை, கரண்ட் பில், கடன், உழைப்பு. அப்புறம் செத்த கோழி. தினமும் காலையில் வாளியைத் தூக்கிக்கொண்டு கொட்டகையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து, செத்ததைப் பொறுக்குவது அவர் வேலை. அதை அப்புறப்படுத்தும் செலவும் அவருடையது.

அமெரிக்காவில் விற்கும் கறிக்கோழியில் மிகப் பெரும்பகுதி இப்படி ஒப்பந்தத்தில்தான் வளர்கிறது. டைசன், பில்கிரிம்ஸ் பிரைட், பெர்டியூ போன்ற சில நிறுவனங்கள்தான் சந்தையின் பெரும்பகுதியை வைத்திருக்கின்றன. ஆனால் ஒரு விவசாயியைப் பொறுத்தவரை நாட்டில் எத்தனை நிறுவனங்கள் இருந்தால் என்ன? உயிருள்ள கோழியையும் குஞ்சையும் தீவனத்தையும் லாரியில் அதிக தூரம் கொண்டு போக முடியாது. தன் கொட்டகைக்கு எட்டும் தூரத்தில் எத்தனை ஆலைகள் என்பதுதான் அவருக்குக் கணக்கு. 2011இல் அமெரிக்க வேளாண் துறை எடுத்த கணக்கெடுப்பில், ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத் தன் பகுதியில் ஒரே ஒரு கம்பெனிதான் இருந்தது. இன்னும் பலருக்கு இரண்டே இரண்டு.

ஒரு கொட்டகை கட்டப் பல லட்சம் டாலர் ஆகும். நிலத்தை அடமானம் வைத்துத்தான் கட்டுகிறார்கள். கடன் பத்துப் பதினைந்து ஆண்டு ஓடும். ஆனால் கம்பெனி போடும் ஒப்பந்தம் பல இடங்களில் ஒரு பேட்ச் குஞ்சுக்கு மட்டும்தான். ஆறேழு வாரத்தில் கோழி லாரி ஏறிவிடும். அடுத்த குஞ்சு வருமா வராதா என்பது கம்பெனி கையில் இருக்கிறது. வராவிட்டால் அந்தக் கொட்டகையை வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது. பெரிய மின்விசிறி போடு, புதுத் தீவனக் குழாய் போடு என்று நடுவில் கம்பெனி சொன்னால், இன்னொரு கடன் வாங்கிப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

கூலி தரும் முறையைக் கேட்டால் இன்னும் திகைப்பாக இருக்கும். அதற்கு டோர்னமென்ட் என்றே பெயர், விளையாட்டுப் போட்டிக்குச் சொல்லும் அதே சொல். ஒரே வாரத்தில் கோழி அனுப்பிய விவசாயிகளை எல்லாம் ஒரு பட்டியலில் போடுவார்கள். குறைந்த தீவனத்தில் அதிக எடை கொடுத்தவர் மேலே, மற்றவர் கீழே. சராசரிக்கு மேல் இருப்பவருக்குப் பவுண்டுக்கு இத்தனை சென்ட் கூடுதல். கீழே இருப்பவருக்கு அதே அளவுக்குக் குறைப்பு. மேலே இருப்பவருக்குக் கொடுப்பது கீழே இருப்பவரிடமிருந்து எடுத்ததுதான். கம்பெனிப் பணம் கூடுவதில்லை. எல்லோரும் போன முறையைவிட நன்றாக வளர்த்தாலும் சிலர் சராசரிக்குக் கீழேதான் இருப்பார்கள், சராசரி என்றால் அதுதானே.

சரி, திறமைக்கு ஏற்ற கூலி என்று சொல்லலாமே? சொல்லலாம், எல்லோருக்கும் ஒரே மாதிரிக் குஞ்சும் தீவனமும் வந்தால். ஒருவருக்கு நோஞ்சான் குஞ்சு வரும், இன்னொருவருக்குத் தீவன லாரி ஒரு நாள் தாமதமாக வரும். அனுப்புவது கம்பெனி, தண்டனை விவசாயிக்கு. இதை வெளியே சொல்லவும் முடியாது. 2010 மே மாதம், மத்திய அரசு சார்பில் வழக்குப் போடும் நீதித்துறையும் வேளாண் துறையும் சேர்ந்து அலபாமாவில் ஒரு பொது விசாரணை நடத்தின. பேசினால் கம்பெனி பழிவாங்குமோ என்ற பயத்தைச் சில விவசாயிகள் அந்த மேடையிலேயே சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரனோடு கூலிப் பட்டியலில் மோத வைத்துவிட்டு, இரண்டு பேரையும் ஒரே கம்பெனிக்குப் பயந்து வாழச் செய்யும் ஏற்பாடு இது. என்னால் இதை வெறும் வியாபார முறை என்று பார்க்க முடியவில்லை.

2022 ஜூலையில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. கார்கில், சாண்டர்சன் ஃபார்ம்ஸ், வேன் ஃபார்ம்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்கள் மேல் நீதித்துறை வழக்குப் போட்டது. கோழி வெட்டும் ஆலைகளில் யார் யார் என்ன கூலி கொடுக்கிறார்கள் என்ற தகவலைத் தங்களுக்குள் பரிமாறிக்கொண்டு கூலியை அழுத்தி வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. தொழிலாளர்களுக்கு 8.48 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். பட்டியலில் கீழே இருக்கிறார் என்பதற்காக விவசாயியின் அடிப்படைக் கூலியைக் குறைக்கக் கூடாது என்று சாண்டர்சனுக்கும் வேனுக்கும் தடை வந்தது.

மாட்டிறைச்சியிலும் இதே கதை. 1977இல் நான்கு பெரிய நிறுவனங்கள் சேர்ந்து சந்தையில் 25 சதவீதம் வைத்திருந்தன. இன்று நான்கின் பங்கு 80 சதவீதத்துக்கும் மேல். கடையில் கறி விலை ஏறும்போது மாடு வளர்த்தவரின் பங்கும் ஏறுகிறதா என்று ஒரு பண்ணையாளரைக் கேட்டுப் பாருங்கள்.

நூறு கதவு, ஒரு பூட்டு

நகரத்தில் இருப்பவருக்கு என்ன பிரச்சினை, நூறு நிறுவனங்கள் இருக்கின்றனவே என்று தோன்றலாம். நூறு கதவு இருந்தாலும் வெளியே போகும் வழியில் பூட்டுப் போட முடியும்.

போட்டித் தடை ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு. வேலையை விட்டால் இத்தனை காலத்துக்கு இதே தொழிலில் உள்ள வேறு நிறுவனத்தில் சேர மாட்டேன் என்று எழுதிக் கொடுப்பது. ரகசியம் தெரிந்த பெரிய அதிகாரிக்கு என்றால் ஒரு காரணம் சொல்லலாம். ஜிம்மி ஜான்ஸ் என்ற சாண்ட்விச் கடைத் தொடரில், ரொட்டிக்கு நடுவே கறியை வைத்துச் சுற்றிக் கொடுக்கும் தொழிலாளியிடமே இதை எழுதி வாங்கியிருந்தார்கள். நியூயார்க், இல்லினாய் மாநிலங்கள் தலையிட்ட பிறகு 2016இல் அதைக் கைவிட்டார்கள். நாடு முழுக்க ஏறத்தாழ 3 கோடிப் பேர், அதாவது ஐந்தில் ஒரு தொழிலாளி, இப்படி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்பது எஃப்.டி.சி. என்ற மத்திய வணிக ஆணையத்தின் மதிப்பீடு. ஆணையம் 2024 ஏப்ரலில் இதை நாடு முழுக்கத் தடை செய்தது. ஆகஸ்டிலேயே டெக்சாஸ் நீதிமன்றம் ஒன்று அந்தத் தடையை ரத்து செய்துவிட்டது. கலிஃபோர்னியாவில் இப்படிப்பட்ட ஒப்பந்தம் 1872 முதலே செல்லாது.

அதே கலிஃபோர்னியாவில், எழுத்தில் வராத பூட்டு ஒன்று இருந்தது. ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி ஆகியவை ஒருவர் ஆளை இன்னொருவர் கூப்பிடுவதில்லை என்று தங்களுக்குள் பேசி வைத்திருந்தன. 2010இல் நீதித்துறை இதை வெளியே கொண்டுவந்தது. பிறகு ஏறத்தாழ 64,000 ஊழியர்கள் சார்பில் நடந்த வழக்கில் இந்த நான்கும் 41.5 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டன. நன்றாகப் படித்து, நல்ல சம்பளம் வாங்கும் பொறியாளர்கள் இவர்கள். தங்களுக்குப் போன் வராததற்குக் காரணம் இதுதான் என்று அவர்களுக்கே தெரியாது.

மருத்துவக் காப்பீடு இன்னொரு பூட்டு, அதுதான் மிகப் பெரியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942இல், அரசாங்கம் சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு போட்டது. சம்பளத்தை உயர்த்த முடியாத முதலாளிகள் ஆளைப் பிடிக்கக் காப்பீடு கொடுக்க ஆரம்பித்தார்கள். பிறகு அதற்கு வரிவிலக்கும் உறுதியானது. போர்க்கால ஏற்பாடு நிரந்தரமாகிவிட்டது. இன்று 15 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை வழியாகத்தான் காப்பீடு. குழந்தைக்கு நீரிழிவு, மனைவிக்குப் பிரசவ நேரம் என்றால், மேலாளர் என்ன பேசினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துதான் ஆக வேண்டும். அந்த ஊரில் வேறு ஐம்பது கம்பெனிகள் இருப்பதால் அவருக்கு என்ன பயன்?

தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. எச்-1பி விசாவில் அங்கே இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இது அன்றாட வாழ்க்கை. வேலை போனால் பொதுவாக 60 நாளுக்குள் அடுத்த வேலையோ வேறு வழியோ தேட வேண்டும், இல்லையென்றால் வீடு, கார், குழந்தையின் பள்ளி எல்லாவற்றையும் விட்டுக் கிளம்ப வேண்டும். வேறு நிறுவனத்துக்கு மாறச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் புது நிறுவனம் விசா விண்ணப்பம் போட வேண்டும், பச்சை அட்டைக்கான வேலைகளைப் பெரும்பாலும் திரும்பத் தொடங்க வேண்டும். வேலை வழியாகத் தரும் பச்சை அட்டைகளில் ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்குப் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற வரம்பால், இந்தியர்கள் நிற்கும் வரிசை மிக நீளம். சம்பள உயர்வு கேட்க வாய் திறக்கும்போது இதெல்லாம் மனதில் ஓடாமல் இருக்குமா? எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கும் இது தெரியும். பக்கத்து இருக்கையில் இருக்கும் அமெரிக்கர் இதைப் பார்த்து, "இவர்களால்தான் நம் சம்பளம் குறைகிறது" என்று நினைக்கிறார். அவர் சம்பளத்தைக் குறைப்பது இந்தப் பையன் அங்கே வந்தது அல்ல, இவனால் அங்கிருந்து கிளம்ப முடியாமல் இருப்பது. இருவர் கோபமும் ஒரே பூட்டின் மேல் திரும்ப வேண்டியது.

சட்டம் எங்கே பார்த்துக்கொண்டிருந்தது

அமெரிக்காவுக்கு ஏகபோகத் தடைச் சட்டம் புதிதல்ல. ஷெர்மன் சட்டம் 1890லேயே வந்துவிட்டது. 1911இல் ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் என்ற எண்ணெய் நிறுவனத்தை 34 துண்டாக உடைத்தார்கள். அந்தக் காலத்து நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு வாங்குபவரின் அதிகாரமும் நன்றாகவே தெரிந்திருந்தது. மனித உழைப்பு ஒரு சரக்கு அல்ல என்று 1914இல் வந்த கிளேட்டன் சட்டத்தில் ஒரு வரியே உண்டு. மாடு வளர்ப்பவர்களை ஐந்து இறைச்சி நிறுவனங்கள் நசுக்குகின்றன என்று விசாரணையில் தெரிந்த பிறகு, 1921இல் அதற்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள்.

பார்வை மாறியது 1970களின் கடைசியில். ராபர்ட் போர்க் என்ற சட்ட அறிஞரும் அவரோடு ஒத்த கருத்துடையவர்களும் ஒரு வாதத்தை வைத்தார்கள். நிறுவனம் பெரிதா சிறிதா என்று பார்க்காதீர்கள், வாடிக்கையாளர் நலன் கெடுகிறதா என்று பாருங்கள் என்றார்கள். அதிபர் ரீகன் காலத்தில் அரசாங்கமும் பிறகு நீதிமன்றங்களும் அதையே அளவுகோலாக எடுத்துக்கொண்டன. நடைமுறையில் அது, விலை ஏறுமா என்ற ஒரே கேள்வியாகச் சுருங்கிப்போனது. விலை குறைவாக இருப்பது ஏழைக்கு நல்லதுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கடையில் பத்து டாலர் மிச்சம் பிடிக்கும் அதே பெண்மணி, வேலை செய்யும் இடத்தில் வாரத்துக்கு ஐம்பது டாலர் இழந்தால் அது அந்த அளவுகோலில் பதிவே ஆகாது. கூலியை அழுத்திச் செலவைக் குறைத்தால் அதைத் திறமை என்று பாராட்டவும் இடம் இருந்தது.

அதே காலத்தில் எதிர்ப்பக்க எடைக்கல்லும் காணாமல் போய்க்கொண்டிருந்தது. வாங்குபவர் ஒருவரே என்றால், விற்பவர்களும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே ஆளாக நின்று பேரம் பேசலாம். தொழிற்சங்கம் என்பது அதுதான். 1981 ஆகஸ்டில், வேலைநிறுத்தம் செய்த 11,000க்கும் மேற்பட்ட விமானக் கட்டுப்பாட்டு அலுவலர்களை ரீகன் ஒரே அடியாக வேலையை விட்டு நீக்கினார். தனியார் முதலாளிகளும் அதைக் கவனித்தார்கள். 1983இல் தொழிலாளர்களில் 20.1 சதவீதம் பேர் சங்கத்தில் இருந்தார்கள். 2024இல் அது 9.9 சதவீதம். ஆனால் அதே ஆண்டு கேலப் கருத்துக்கணிப்பில் சங்கங்களை ஆதரிப்பதாகச் சொன்னவர்கள் 70 சதவீதம். இந்த இரண்டு எண்களுக்கு நடுவே இருக்கும் பெரிய பள்ளத்தில்தான் அந்த நாட்டின் கோபம் தேங்கிக் கிடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பூட்டு கொஞ்சம் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். கொரோனாவுக்குப் பிறகு எல்லாக் கடைகளும் ஒரே நேரத்தில் ஆள் தேடின. 2021 நவம்பரில் மட்டும் 45 லட்சம் பேர் தாங்களாகவே வேலையை விட்டார்கள். அடுத்த தெருவில் வேறு வேலை காத்திருந்தது. அந்த ஒன்றிரண்டு ஆண்டுகளில் வேகமாகச் சம்பளம் ஏறியது அடிமட்டத் தொழிலாளர்களுக்குத்தான். அவர்கள் திடீரென்று திறமைசாலிகளாகிவிடவில்லை, போக ஓர் இடம் கிடைத்தது.

சட்டமும் மெல்லப் பழைய பக்கம் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தது. பெங்குவின் ரேண்டம் ஹவுஸ் என்ற பதிப்பகம் 2.175 பில்லியன் டாலருக்கு சைமன் அண்ட் ஷூஸ்டர் என்ற இன்னொரு பதிப்பகத்தை வாங்கப் பார்த்தபோது, புத்தக விலை ஏறும் என்று அரசாங்கம் வாதாடவில்லை. எழுத்தாளர்களின் கையெழுத்துப் பிரதியை வாங்கப் போட்டி போடும் பெரிய பதிப்பகங்கள் ஐந்திலிருந்து நான்காகும், முன்பணம் குறையும் என்று வாதாடியது. தன் புத்தகங்களை வெளியிடும் சைமன் அண்ட் ஷூஸ்டரின் விருப்பத்துக்கு எதிராக நாவலாசிரியர் ஸ்டீபன் கிங் அரசுத் தரப்பில் சாட்சி சொன்னார். 2022 அக்டோபர் 31 அன்று நீதிபதி அந்த இணைப்பைத் தடுத்தார்.

டென்வரில் எதிரெதிர்க் கடைகள்

கடைசியாக மளிகைக் கடை. அமெரிக்காவின் மிகப் பெரிய சூப்பர் மார்க்கெட் நிறுவனம் க்ரோகர். அதற்குப் போட்டி ஆல்பர்ட்சன்ஸ். 2022 அக்டோபரில் க்ரோகர் ஆல்பர்ட்சன்ஸை 24.6 பில்லியன் டாலருக்கு வாங்கப் போவதாக அறிவித்தது. போட்டி குறையாமல் இருக்க 579 கடைகளை வேறு ஒரு நிறுவனத்துக்கு விற்றுவிடுகிறோம் என்றார்கள்.

இப்படிச் சொன்னதை அந்தத் தொழிலாளர்கள் முன்பே ஒருமுறை கேட்டிருந்தார்கள். 2015இல் ஆல்பர்ட்சன்ஸ் சேஃப்வேயை வாங்கியபோது, 146 கடைகளை ஹேகன் என்ற சிறிய நிறுவனத்துக்கு விற்றார்கள். அதுவரை 18 கடை நடத்திக்கொண்டிருந்த நிறுவனம் அது. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே திவாலானது. கடைகளில் ஒரு பகுதி ஆல்பர்ட்சன்ஸிடமே திரும்பி வந்தது.

கொலராடோ மாநிலத்தில் க்ரோகர் கடைக்கு கிங் சூப்பர்ஸ் என்று பெயர், ஆல்பர்ட்சன்ஸ் கடைக்கு சேஃப்வே. பல இடங்களில் ஒரே சாலையில் எதிரெதிரே இருக்கும். 2022 ஜனவரியில் டென்வர் பகுதியில் கிங் சூப்பர்ஸ் ஊழியர்கள் 8,000க்கும் மேற்பட்டோர் குளிரில் வாசலில் நின்று வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த மாதிரி நேரத்தில் வாடிக்கையாளர்கள் எதிர்க் கடைக்குப் போவார்கள். ஊழியர்களும் போகலாம். முதலாளி இறங்கி வருவது அந்தப் பயத்தால்தான். இரண்டு நிறுவனங்களும் அந்த வேலைநிறுத்தத்தின்போது ஒருவர் ஆளை ஒருவர் எடுப்பதில்லை என்று பேசி வைத்துக்கொண்டன என்று கொலராடோ அரசு பின்னால் போட்ட வழக்கில் குற்றம் சாட்டியது. இரண்டும் ஒரே கம்பெனியாகிவிட்டால் பேசி வைக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

இணைப்பை எதிர்த்து எஃப்.டி.சி. போட்ட வழக்கில், மளிகை விலையோடு ஊழியர்களின் பேர வலிமை குறையும் என்பதும் ஒரு வாதமாக இருந்தது. 2024 டிசம்பர் 10 அன்று ஆரிகன் மாநிலத்தில் மத்திய நீதிமன்றமும் வாஷிங்டன் மாநில நீதிமன்றமும் ஒரே நாளில் இணைப்பைத் தடுத்தன. தடை வந்தது வாடிக்கையாளர் தரப்பு வாதத்தின் பேரில்தான். மறுநாளே ஒப்பந்தத்தைக் கைவிடுவதாக ஆல்பர்ட்சன்ஸ் அறிவித்தது.

இரண்டு மாதம் கழித்து, 2025 பிப்ரவரியில், கிங் சூப்பர்ஸ் ஊழியர்கள் மறுபடியும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். இந்த முறை ஏறத்தாழ 10,000 பேர். சாலைக்கு எதிர்ப்பக்கம் சேஃப்வே திறந்திருந்தது, இன்னும் வேறு ஒரு முதலாளியின் கடையாகவே.